உட்கொள் குழாய்க்கு ஏற்ற உலோகம் எது?

ஆகாய விமானத்தை ஒருவர் தம் வீட்டிலேயே கட்டி, அதில் தாமே ஏறிப் பறப்பது என்பது கேட்போருக்குக் கற்பனைக் கதை போலத் தோன்றலாம். ஆயினும், உலகின் பல நாடுகளில் இது நெடுங்காலமாக நடைபெற்றுவரும் முயற்சியே ஆகும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த பெர்னார்டு பீட்டன்பால் என்பவர், 1929ஆம் ஆண்டில், போர்டு மோட்டார் காரின் எஞ்சினைப் பொருத்தித் தாம் கட்டிய மர விமானத்தைப் பறக்கவிட்டார். 1953ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்தில் இத்தகைய ஆர்வலர்களுக்கென 'எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராப்ட் அசோசியேஷன்' என்னும் சங்கம் தோன்றியது. அது இன்று பல நாடுகளில் உறுப்பினர்களைக் கொண்ட பேரமைப்பாக வளர்ந்துள்ளது. இந்தியாவிலும், மும்பையில் விமானி ஒருவர் தம் வீட்டு மொட்டை மாடியில் கட்டிய விமானத்திற்கு 2017ஆம் ஆண்டில் அரசின் பதிவு கிடைத்தது.

இவ்வாறு விமானம் கட்டுவோர், இறக்கையின் வடிவத்தையும் உடலின் சட்டத்தையும் பெரும்பாலும் தேர்ந்த வல்லுநர் வரைந்த படங்களைப் பின்பற்றியே அமைக்கின்றனர். ஆனால், எஞ்சினைப் பொருத்தும் கட்டத்தில் படங்கள் எப்போதும் முழு உதவி செய்வதில்லை. காருக்கென உருவான எஞ்சினை விமானத்தில் வைக்கும்போது கார்புரேட்டரின் இடம் மாறுகிறது. இடம் மாறவே, அதிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுசெல்லும் உட்கொள் குழாயைக் கட்டுபவரே புதிதாக ஆக்கிக்கொள்ள வேண்டியதாகிறது. அப்போது எழும் முதற் கேள்வி, 'எந்த உலோகக் குழாயை வாங்குவது?' என்பதாகும். உலோகங்களின் குணப் பட்டியலைத் திறந்து, வலிமை மிக்கது எது, எடை குறைந்தது எது என்று பார்த்து முடிவு செய்வோர் பலர். இம்முறை போதாது. குழாயின் இரு முனைகளும் எவ்வாறு பிடிக்கப்பட்டுள்ளன என்பதை முதலில் நோக்கிய பின்னரே உலோகத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். இதனை விளக்கிக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உட்கொள் குழாயின் பணி எளியது. கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலந்து உண்டாகும் கலவையைச் சிலிண்டருக்குக் கொண்டுசேர்ப்பதே அதன் வேலை. ஆனால், அதில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு உண்டாயினும் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவையின் செறிவைக் குறைத்துவிடும். செறிவு குறைந்த கலவையால் எஞ்சின் சீராக ஓடாது. முழுச் சக்தியில் ஓடும்போது சிலிண்டரும் வால்வுகளும் அளவு கடந்து சூடேறவும் கூடும். குழாய் முற்றிலும் முறிந்தாலோ, இணைப்பு கழன்றாலோ, அக்குழாயை நம்பியுள்ள சிலிண்டர்கள் வெறுங்காற்றையே உறிஞ்சி அடங்கிவிடும். சாலையில் செல்லும் கார் இந்நிலையில் ஓரமாக நின்றுவிடும். தரையிலிருந்து எழும்பிச் சில நூறு அடி உயரமே அடைந்துள்ள சிறு விமானத்திற்கு ஒதுங்க இடமில்லை. ஆகவே, மிகச் சாதாரணமாகத் தோன்றும் இக்குழாயின்மேல் ஓர் உயிர் தங்கியிருக்கிறது என்று கூறுவது மிகையாகாது.

எடுத்துக்காட்டாக, ஜெர்மனியில் 1930களில் வடிவமைக்கப்பட்ட ஃபோல்க்ஸ்வாகன் காரின் எஞ்சினை எடுத்துக்கொள்ளலாம். காற்றினால் குளிர்விக்கப்படும் இவ்வெஞ்சினில் நான்கு சிலிண்டர்கள், பக்கத்திற்கு இரண்டாகப் படுக்கை நிலையில் அமைந்துள்ளன. பிரான்சில் ரோஜர் துருயின் வடிவமைத்த டர்புலன்ட் முதலிய பல சிறு விமானங்கள் இவ்வெஞ்சினைக் கொண்டே பறந்தன. இதில் நடுவிலுள்ள ஒரே கார்புரேட்டரிலிருந்து இடப்புறமும் வலப்புறமும் குழாய்கள் நீண்டு சிலிண்டர் தலைகளை அடையும். ஒரு பக்கத்துக் குழாய் பழுதுற்றால், எஞ்சினின் பாதி செயலிழக்கும்.

முதலில், உள்ளே இருக்கும் அழுத்தத்தை நோக்குவோர் வியப்படைவர். எஞ்சின் மெதுவாக ஓடும்போது இக்குழாயினுள் உள்ள அழுத்தம் வாயுமண்டல அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவிற்குக் குறையலாம். அப்போது வெளிக்காற்று குழாயை ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.7 கிலோகிராம் வீதம் அமுக்கும். குழாயின் விட்டம் 38 மி.மீ., சுவரின் தடிப்பு 0.9 மி.மீ. எனக் கொண்டால், சுவரில் உண்டாகும் தகைவு, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டர் உலோகம் ஏற்கும் விசை, ஏறக்குறைய 15 கிலோகிராம் மட்டுமே. சாதாரண மென் எஃகு உருமாறாமல் 2,500 கிலோகிராம் வரை தாங்கவல்லது. வெப்பத்தால் கடினமாக்கப்பட்ட 6061 என்னும் அலுமினியக் கலவையும் ஏறக்குறைய 2,800 கிலோகிராம் தாங்கும். எனவே, அழுத்தத்தைப் பொறுத்தமட்டில் எவ்வுலோகமும் தேவையைப்போல் நூறு மடங்குக்கும் மேல் வலிமையுடையதே. எப்போதேனும் தீ பின்னோக்கிப் பாய்ந்து குழாயினுள் வெடிப்பினும், முதலில் கழல்வது இணைப்பேயன்றி உலோகச் சுவர் அன்று.

இனி, வெப்பத்தை நோக்குவோர் வேறொரு காட்சியைக் காண்பர். இவ்வெஞ்சினின் உடல் மக்னீசியக் கலவையாலும், சிலிண்டர் தலைகள் அலுமினியத்தாலும் ஆனவை. இவ்விரண்டும் சூட்டில் நன்கு விரியும் உலோகங்கள். ஒரு தலையிலிருந்து மற்றொரு தலைக்குள்ள தூரம் 50 செ.மீ. என்றும், எஞ்சின் 80 டிகிரி சென்டிகிரேடு சூடேறுகிறது என்றும் கொண்டால், அத்தூரம் சுமார் 1 மி.மீ. அதிகரிக்கும். ஆனால், உட்கொள் குழாயோ சூடேறுவதில்லை. பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்துகொள்வதால் அது குளிர்ந்தே இருக்கிறது. வளைவு ஏதுமில்லாத நேரான குழாய் ஒன்று இரு முனைகளிலும் அசைவற இறுக்கப்பட்டிருந்தால், அது தன் நீளத்தில் ஐந்நூறில் ஒரு பங்கு இழுக்கப்பட வேண்டும். அவ்வாறு இழுக்கப்படும் எஃகுக் குழாயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4,000 கிலோகிராம் தகைவும், அலுமினியக் குழாயில் சுமார் 1,400 கிலோகிராம் தகைவும் உண்டாகும்.

உண்மையில் குழாய்களில் வளைவுகள் இருப்பதாலும், முனைகள் சிறிது விட்டுக்கொடுப்பதாலும் தகைவு இவ்வளவு உயர்வதில்லை. ஆயினும் இக்கணக்கு கற்பிக்கும் பாடம் தெளிவானது. குழாயினுள் ஓடும் கலவை உண்டாக்கும் தகைவு 15. குழாயை முனைகளில் இறுகப் பிடிப்பதால் உண்டாகக்கூடிய தகைவு 4,000. ஆபத்து உள்ளிருந்து வருவதன்று, முனைகளிலிருந்து வருவதாகும். மேலும், எஃகின் விறைப்பு அலுமினியத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்காதலால், இறுகப் பிடிக்கப்பட்ட நிலையில் 'வலிமை மிக்க' உலோகமே அதிகத் தகைவுக்கு உள்ளாகிறது. வலிமையான உலோகத்தை வாங்கிவிட்டதனால் கவலை தீர்ந்தது என்று எண்ணுவோர் இவ்விடத்திலேதான் தவறுகின்றனர்.

இதற்குப் பரிகாரம் உலோகத்தில் இல்லை, இணைப்பில் உள்ளது. குழாயின் ஒரு முனையைச் சிலிண்டர் தலையில் விளிம்புத் தகட்டினால் இறுக்கி, மறுமுனையைக் குறுகிய ரப்பர்க் குழலாலும் இரு கிளாம்புகளாலும் இணைத்தால், அந்த 1 மி.மீ. விரிவை ரப்பர் எளிதில் ஏற்றுக்கொள்ளும். விமானங்களுக்கென்றே ஆக்கப்பட்ட காண்டினென்டல் ஏ-65 போன்ற சிறு எஞ்சின்களில் இம்முறையே கையாளப்பட்டது. ஃபோல்க்ஸ்வாகன் காரில் ஒரே துண்டான எஃகுக் குழாய் பல்லாண்டுகள் பணியாற்றியது உண்மையே. அதன் நீண்ட வளைவுகளே அதற்கு நெகிழ்ச்சி தந்தன. ஆனால், 1970களின் தொடக்கத்தில் வந்த மாற்றமைப்பில், நடுவே எஃகுக் குழாயும், இரு ஓரங்களிலும் அலுமினிய வார்ப்புகளும், அவற்றை இணைக்க ரப்பர் உறைகளும் அமைந்தன. வீட்டில் கட்டுபவர் இதனைக் கருத்திற்கொள்ளுதல் நன்று.

ரப்பரிலும் தேர்வு உண்டு. இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிக் குழைந்துவிடும். சாதாரண சிலிக்கோன் குழலும் பெட்ரோலுக்கு ஏற்றதன்று. நைட்ரைல் அல்லது புளோரோகார்பன் வகை ரப்பரே தகுந்தது. குழாயின் முனையில் சிறு வரம்பு போன்ற புடைப்பு இருத்தல் வேண்டும். இல்லையேல் ரப்பர் மெல்ல மெல்ல நழுவிக் கழன்றுவிடும். கார்புரேட்டரின் எடையைக் குழாயே சுமக்கும்படி விடலாகாது. அதற்குரிய தாங்கியையும் எஞ்சினிலேயே பொருத்த வேண்டும். விமானத்தின் உடலில் பொருத்தலாகாது. ஏனெனில், எஞ்சின் ரப்பர் மெத்தைகளின்மேல் எப்போதும் ஆடிக்கொண்டேயிருப்பது, உடலோ ஆடாதது. ஒரு முனை ஆட, மறுமுனை அசையாதிருந்தால், இடைப்பட்ட குழாய் முறிவது திண்ணம்.

முனைகளை விடுவித்த பின்னர் எஞ்சுவது அதிர்வு ஒன்றே. இப்போதுதான் உலோகத்தைப் பற்றிய கேள்வி பொருளுடையதாகிறது. நிமிடத்திற்கு 3,200 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில், நிமிடத்திற்கு 6,400 எரிதுடிப்புகள் உண்டாகின்றன. மணிக்கு அவை 3,84,000 ஆகின்றன. இருபத்தாறு மணி நேரம் பறந்தால் ஏறக்குறைய ஒரு கோடி துடிப்புகளைக் குழாய் ஏற்றுவிடுகிறது. எஃகுக்கு ஒரு சிறப்புண்டு. குறிப்பிட்ட ஓர் எல்லைக்குட்பட்ட தகைவை எத்தனை கோடி முறை ஏற்றினாலும் நல்ல எஃகு சோர்ந்து முறிவதில்லை. அலுமினியத்திற்கு அத்தகைய எல்லை கிடையாது. சிறிய தகைவாயினும், போதிய முறை மீண்டும் மீண்டும் வந்தால், ஒருநாள் வெடிப்புக் காணும். கடினமாக்கப்பட்ட 6061 கலவை 50 கோடி முறை ஏற்கக்கூடிய தகைவு, அது ஒரே இழுப்பில் முறியும் தகைவில் மூன்றில் ஒரு பங்கு அளவே ஆகும். துருவும் கீறலும் சீரற்ற பற்றவைப்பும் எஃகின் எல்லையையும் குறைத்துவிடும் என்பதையும் மறத்தலாகாது.

பற்றவைப்பு என்பது இரண்டாவது உரைகல். விளிம்புத் தகட்டைக் குழாயோடு சேர்க்கப் பற்றவைத்தே ஆகவேண்டும். மென் எஃகையும், 4130 என்னும் எண்ணால் வழங்கும் குரோமியம்-மாலிப்டினம் எஃகையும் ஆக்சிஜன்-அசிட்டிலீன் சுடரால் செவ்வனே பற்றவைக்கலாம். விமான உடற்சட்டங்கள் பல பத்தாண்டுகளாக அவ்வாறே ஆக்கப்பட்டு வந்துள்ளன. கடினமாக்கப்பட்ட 6061 அலுமினியத்தைப் பற்றவைத்தால், சூடுபட்ட பகுதி தன் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழக்கிறது. அந்தப் பகுதி அமைவதோ அதிர்வு மிகுந்த விளிம்பருகே. மீண்டும் முறைப்படி வெப்பப் பதம் செய்தாலன்றி இழந்த வலிமை திரும்பாது. அதற்கான உலை வீட்டுப் பட்டறைகளில் இருப்பதில்லை. துருப்பிடிக்காத எஃகைப் பற்றவைக்கும்போது, குழாயின் உட்புறத்தையும் ஆர்கான் வாயுவால் நிரப்ப வேண்டும். நிரப்பாவிடில் உட்புறம் கருகிப் பொருக்குத் தட்டும். அப்பொருக்கு உதிர்ந்தால் நேரே சிலிண்டரைச் சென்றடையும்.

உட்கொள் குழாயினுள் இருக்கும் எதுவும் எஞ்சினுள் போய்ச் சேரும் என்னும் இவ்விதி வளைக்கும் வேலைக்கும் பொருந்தும். குழாய் நசுங்காமல் வளைய மணலை நிரப்பி வளைப்பது பட்டறைகளில் வழக்கம். பின்னர் அம்மணலில் ஒரு பொட்டும் எஞ்சாதவாறு கழுவித் துடைத்தல் இன்றியமையாதது. கடினமாக்கப்பட்ட 6061 குழாய், குறுகிய வளைவில் வெடித்துவிடும் இயல்புடையது. வளைவு தேவையெனில் மென்பதமாக்கிய அலுமினியத்தையோ, 3003, 5052 போன்ற இணக்கமான கலவைகளையோ நாடவேண்டும். அவை வலிமையில் தாழ்ந்தவை.

பட்டியலில் காணும் வேறிரு எண்களும் மக்களை மயக்குவதுண்டு. ஒன்று எடை. 38 மி.மீ. விட்டமும் 0.9 மி.மீ. தடிப்பும் உள்ள எஃகுக் குழாய் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 820 கிராம் இருக்கும். அதே விட்டத்தில் 1.25 மி.மீ. தடிப்புள்ள அலுமினியக் குழாய் 390 கிராம் இருக்கும். வேறுபாடு சுமார் 430 கிராம். அதாவது 600 மில்லிலிட்டர் பெட்ரோலின் எடை. விமானத்தில் ஒவ்வொரு கிராமும் கணக்கிற்குரியதே எனினும், இவ்வளவு சிறிய மிச்சத்திற்காக வெடிப்பின் அபாயத்தை வாங்குவது சிக்கனமாகாது.

மற்றொன்று வெப்பம் கடத்தும் திறன். கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாவதால் கலவையின் வெப்பநிலை 20 டிகிரிக்கும் மேல் தாழக்கூடும். மழைக்காலத்து ஈரக்காற்றில், வெளியே 25 டிகிரி வெப்பம் இருக்கும் நாளிலும், கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி உறைந்து காற்றின் வழியை அடைத்துவிடலாம். அலுமினியம் வெப்பத்தை நன்கு கடத்துமாதலால் அக்குழாய் இவ்வபாயத்தைத் தணிக்கும் என்பர் சிலர். ஆனால், வெளிக்காற்றிலிருந்து கலவைக்கு வெப்பம் செல்வதைத் தடுப்பது, குழாயின் இருபுறமும் படிந்துள்ள காற்றுப் படலமே ஆகும். ஒரு மி.மீ. தடிப்புள்ள உலோகச் சுவரின் பங்கு அத்தடையில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆதலால், எவ்வுலோகமாயினும் பயன் ஒன்றே. பனிக்கட்டிக்கு மருந்து, கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திருப்பிவிடும் கதவு ஒன்றை அமைப்பதுதான்.

அலுமினியத்தின் சார்பாகக் கூறப்படும் வாதங்களில் உண்மை இல்லாமலில்லை. அது செந்துருப் பிடிப்பதில்லை. காரில் உள்ள அலுமினிய வார்ப்புகள் பல ஆயிரம் மணி நேரம் குறைவின்றி உழைக்கின்றன. ஆனால், அவை தடித்த சுவருடைய வார்ப்புகள். தொழிற்சாலையில் மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டு உருவம் பெற்றவை. அவற்றின் நற்பெயரை, வீட்டில் பற்றவைத்த மெல்லிய குழாய்க்கு உரிமையாக்குதல் பொருந்தாது. பற்றவைப்பே இன்றி, இரு முனைகளிலும் ரப்பரால் இணைக்கப்பட்டு, ஆடாமல் தாங்கப்பட்ட நேரான துண்டுக்கு அலுமினியம் மிகவும் ஏற்றது என்பதில் ஐயமில்லை. பற்றவைக்க வேண்டிய துண்டுக்கோ, மெல்லிய சுவருடைய மென் எஃகோ 4130 எஃகோதான் ஏற்றது. அதன் துரு கண்ணுக்குத் தெரியும். வெளிப்புறத்தில் வண்ணம் பூசித் தடுக்கலாம். பழுதைச் சிறு பட்டறையிலும் சீர்செய்யலாம். துருப்பிடிக்காத எஃகை, ஆர்கான் வசதியும் அதில் பயின்ற கையும் உள்ளவர் மட்டும் எடுத்துக்கொள்வது நலம்.

எவ்வுலோகத்தைத் தேர்ந்தாலும் சோதனை இன்றியமையாதது. சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி பார்ப்பதை அறியாத மாணவர் இலர். அதே முறையில், குழாயின் வாய்களை அடைத்து, சிறிதளவு காற்றைச் செலுத்தி, இணைப்புகள்மேல் சோப்பு நீரைத் தடவினால் ஒழுக்கு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் குறையில்லை என்று திருப்தியடைவது தவறு. முழு வேகத்தில் குழாயின் உள்ளழுத்தம் ஏறக்குறைய வெளியழுத்தத்தை ஒத்திருப்பதால், சிறு ஒழுக்கு மறைந்து நிற்கும். மெதுவாக ஓடும்போதுதான் வெளிக்காற்று வேகமாக உட்புகுந்து, எஞ்சினின் நடையைக் குலைத்து, குறையை வெளிப்படுத்தும். சத்தம் மிகுந்த சோதனையே கடுமையான சோதனை என்பது மக்களின் பொதுவான எண்ணம். இங்கு அமைதியான சோதனையே கடுமையானது.

விமானம் கட்டுவோர் இந்நாட்டில் மிகச் சிலரே. ஆயினும், இச்சிறு குழாயின் பாடம் அவர்களோடு நிற்பதன்று. டீசல் பம்புசெட்டையும் டிராக்டரையும் பராமரிக்கும் களப்பணியாளர், குழாய்கள் பெரும்பாலும் நடுவில் முறியாமல், பற்றவைத்த இடத்தையொட்டியோ இறுக்கிய முனையையொட்டியோ வெடிப்பதைக் கண்டிருப்பர். அங்கெல்லாம், மேலும் தடித்த குழாயை வாங்கிப் போடுவதற்குமுன், முனை எவ்வாறு பிடிக்கப்பட்டுள்ளது, தாங்கி எங்கே உள்ளது என்று பார்ப்பது பயன் தரும். பள்ளிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் உலோகங்களின் குணங்கள் தேர்வு மதிப்பெண்களைப்போல் முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்திக் கற்பிக்கப்படுவதுண்டு. அதற்கு மாறாக, 15 என்னும் எண்ணையும் 4,000 என்னும் எண்ணையும் மாணவர் தாமே கணக்கிட்டுக் காணும்படி செய்தால், எந்த எண் எப்போது பொருளுடையது என்பதை அவர்கள் உணர்வர். பட்டியலை மனப்பாடம் செய்தவர் ஓர் உலோகத்தைப் புகழ்வார். பட்டியலைப் படிக்கத் தெரிந்தவர், குழாயை வாங்குவதற்குமுன் அதன் இரு முனைகளையும் பார்ப்பார்.